அடுத்த தடவைக்கு ஆகும்

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
6.2.2007

அன்பு மகன் ஸ்டீபன்ராஜுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தி ஐரினும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் யாவரும் என்று எழுத இந்த வீட்டில் இரண்டு பேர்தான் மிச்சம். நான் சுகம். உன் தங்கை கிளாரா இருபத்தொரு நாளைக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு சுகம். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில். கிளாரா பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போன நேரம் பார்த்து நீ ஒருநாளும் கூப்பிடுவதில்லை. அவளை வைத்துக்கொண்டு பேசமுடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மெஹராஜ் அக்கா மகன் நூர் அகமது லீவு முடிந்து வியாழக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறான். முறுக்கு, சுக்குமல்லிப் பொடியோடு இதையும் அவன் கையில் கொடுத்து, உன்னிடம் மட்டும்தான் தரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படி.

ஊர்ச் சேதி என்று பெரிதாக ஒன்றுமில்லை. தண்ணீர் பதினொரு நாளைக்கு ஒரு தரம் வருகிறது, அதுவும் நான் பூசைக்குப் போன நேரமாகப் பார்த்து வருகிறது. மேற்குப் பக்கச் சுவரில் நீர் இறங்கியிருக்கிறது. பொங்கல் கழித்து கிளாராவை வத்தலக்குண்டுப் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள், அதை உன்னிடம் போனில் சொல்லவில்லை. பையன் தபால் ஆபீஸில் வேலை, பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தான். கேசரியைச் சாப்பிட்டார்கள், கிளாராவைப் பாடச் சொன்னார்கள், அவள் இரண்டு அடி பாடிவிட்டு மூச்சு வாங்கி நிறுத்தினாள். பையனின் அம்மா உடனே, பாப்பாவுக்கு என்ன செய்யிது, இளைப்பா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் கிளாராவே, எனக்கு இருதயத்துல வால்வு சுருங்கியிருக்கு அத்தை, சின்ன வயசுல தொண்டைப்புண்ணு வந்து அதுல இருந்து வந்தது, மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடுறேன், டாக்டர் நல்லா இருக்கேன்னுதான் சொல்றார் என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்துவிட்டாள். தொண்டைப்புண்ணுல இருதயம் போகுமா, இப்படியும் ஒரு கதையா என்று அந்த அம்மா சிரித்தாள். ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை. கிளாரா அன்றைக்கு அந்தத் தட்டுகளைக் கழுவின விதத்தைப் பார்த்திருந்தால் நீ அங்கே இருந்திருக்கமாட்டாய், இங்கே வந்திருப்பாய். அல்லது வந்திருக்கமாட்டாய், எனக்கு உன்னைப் பற்றி இப்போதெல்லாம் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை, தொண்டை நோய் அண்டாமலிருக்கக் கோவிலில் வருஷாவருஷம் தொண்டை மந்திரிக்கிற நாள். வழக்கம்போலப் போனோம். சாமியார் இரண்டு மெழுகுதிரியைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து மந்திரித்தார். கிளாரா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னப்பிள்ளை மெழுகுதிரியைப் பார்த்துச் சுட்டுவிடும் என்று அழுதது, நீயும் ஐந்து வயதில் அப்படித்தான் அழுதாய். பேத்தியை நினைத்துக்கொண்டு நானும் கழுத்தை நீட்டினேன். மறுநாள் நீ போன் செய்தாய்.

நீ சொன்னதை உனக்கே திருப்பி எழுதுகிறேன், ஏனென்றால் உனக்கு ஞாபகம் இருக்காது. ஐரினுக்கு மறுபடியும் தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்தது, போன மழைக்காலத்திலிருந்து இது நாலாவது தடவை, டாக்டர் பத்து நாள் மருந்து கொடுத்தார், நாலாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது, பிள்ளை மருந்தைக் குடிக்க மாட்டேன் என்று துப்புகிறாள், அதனால் நிறுத்திவிட்டோம் என்றாய். பத்து நாளும் குடு அப்பு என்றேன். சிரித்தாய். ஜுரம் விட்டப்புறம் எதுக்கும்மா மருந்து, மிச்சத்தை ஃபிரிட்ஜில வச்சிருக்கோம், அடுத்த தடவைக்கு ஆகும் என்றாய். நான் மறுபடியும் சொன்னேன். அதற்கு நீ, அம்மா, நான் ஒண்ணும் அப்பா இல்ல, நாக்கை வெட்டிருவாங்கன்னு பயந்துக்கிட்டுப் பிள்ளையைச் சீரழிய விடமாட்டேன், தேவைப்பட்டா அவளுக்கு டான்சிலை எடுத்துருவேன் என்றாய். செத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆன மனுஷனை வைத்து இன்னமும் உனக்குச் சிரிக்க முடிகிறது. போனைக் கிளாராவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சரி, உன் அப்பாவின் கதையையே முதலில் எடுத்துக்கொள்வோம், நீ அதைத்தான் பதினாலு வருஷமாகச் சொல்லிவருகிறாய். 1993 ஜனவரி. நீ பத்தாம் வகுப்பு, கிளாராவுக்குப் பத்து வயது. மாதம் தவறாமல் அவளுக்குத் தொண்டை பழுத்துவிடும், எச்சில் விழுங்கமுடியாமல் துண்டில் துப்பிக்கொண்டு படுத்திருப்பாள். தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது அடிக்கடி வருது, டான்சிலை எடுத்துரலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன் என்றார். உன் அப்பா ராயப்பராஜ் வாத்தியார் ஊருக்கே பாடம் சொன்னவர், ஆனால் டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்கக் கூச்சம். வெளியே வந்து கம்பவுண்டரிடம் டான்சிலுன்னா என்னங்க என்று கேட்டார். அந்த மனுஷன் மருந்து மடித்துக்கொண்டே, அதான் சார், உள்நாக்கு இருக்குல்ல, அந்த இடத்துல வெட்டி எடுத்துருவாங்க என்றான். அவ்வளவுதான். உன் அப்பாவின் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை, ஒன்று நாக்கு, இன்னொன்று வெட்டு. கோவிலில் அவர் ஆர்மோனியம் வாசிக்க இவள் தனியாக நின்று பாடுவாள், அந்தக் குரலுக்காகவே ஞாயிறு இரண்டாம் பூசைக்குக் கூட்டம் வரும். பாடுற பிள்ளைக்கு நாக்குல கத்தி வைக்கவா, நான் செத்தாலும் சம்மதிக்கமாட்டேன் என்று வீட்டுக்கு நடந்தார். நாக்கு வேறு, உள்நாக்கு வேறு, டான்சில் வேறு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கும் அப்போது தெரியாது. பால்காரி மூக்காயி வந்து, உள்நாக்கு விழுந்துருக்கு வாத்தியாரே, நான் தூக்கிவிடுறேன் என்று பிள்ளையின் உச்சிமுடியைச் சேர்த்துப் பிடித்துச் சொடக்கு விழ இழுத்தாள். அன்றைக்கு கிளாரா அழுதது தொண்டை வலியிலா முடி வலியிலா என்று யாருக்குத் தெரியும். இது நடந்தது, இதில் பொய் இல்லை. உன் அப்பா செய்தது மடத்தனம். அதை நான் அவர் முகத்துக்கு நேராக எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், உனக்கும் சொல்லி வளர்த்தேன், என் அக்கா தங்கைகளுக்கும் சொன்னேன், சாமியாரிடம்கூடச் சொன்னேன்.

நான் யாரிடமும் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. மார்ச் நடுவில் கிளாராவுக்கு மறுபடி காய்ச்சல். அதே டாக்டர் இந்தத் தடவை பெனிசிலின் மாத்திரை எழுதினார், ஒரு நாளைக்கு நாலு, பத்து நாளைக்கு. மருந்துக் கவரின் மேல் கம்பவுண்டர் சிவப்பு மையில் கிளாரா என்று எழுதி, பத்து நாள் என்று எழுதி, அதன் கீழே முழுவதும் என்று எழுதி அடிக்கோடும் போட்டான். நாக்கு விஷயத்தில் உளறியவன் இந்த விஷயத்தில் ஒழுங்காகத்தான் சொன்னான். நாலாம் நாள் கிளாராவுக்குக் காய்ச்சல் விட்டது, இட்லி கேட்டாள், தெருவில் பாண்டி ஆடப்போனாள். அதே நாள் நீ பள்ளிக்கூடத்திலிருந்து தொண்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கும், நம் சொந்தத்தில் பத்தாம் வகுப்பில் நானூறைத் தாண்டியவன் எவனும் இல்லை, நீ தாண்டுவாய் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். டாக்டர் வீட்டில் கூட்டம், உன்னை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தால் ஒரு நேரப் படிப்பு போய்விடும். அலமாரியில் கவர் இருந்தது. உள்ளே இருபத்து நாலு மாத்திரை மிச்சம் இருந்தது. அவளுக்குத்தான் நல்லாயிருச்சே, மிச்சம் கெடக்கு, இவனுக்கு ஆகும் என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன அதே வார்த்தை. அந்த இருபத்து நாலையும் உனக்குக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன் என்றுகூட எழுதமுடியவில்லை, எனக்கு அடுப்பு வேலை, வெந்நீர் தம்ளரோடு வேளாவேளைக்கு மாத்திரையைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தது கிளாரா. அண்ணனுக்குப் பரீட்சை, அவன்ட்ட பேச்சுக் குடுக்காம வச்சிட்டு வா என்று சொல்லி அனுப்புவேன். பூனை மாதிரி வந்து வைத்துவிட்டுப் போவாள். மிச்ச மாத்திரையைக் கவரோடு உன் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுத்தான் பரீட்சைக்கு அனுப்பினேன். உனக்குத் தொண்டை சரியானது. நானூற்று முப்பத்திரண்டு வாங்கினாய்.

ஏப்ரல் முதல் ஞாயிறு குருத்தோலைத் திருநாள். பவனியில் நடந்துகொண்டிருந்த கிளாரா நடுத்தெருவில் ஓலையோடு உட்கார்ந்துவிட்டாள். முட்டி பானை மாதிரி வீங்கியிருந்தது. மறுநாள் அது வடிந்து கணுக்காலில் வந்தது, அப்புறம் முழங்கையில். வாதம் என்றார்கள், நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுத்தேன். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பிள்ளைக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, தொண்டையில் வந்த கிருமிதான் இப்படி முட்டியைத் தொட்டு இருதயத்தைப் பிடித்திருக்கிறது என்று விளக்கிவிட்டு, தொண்டைப்புண்ணுக்குக் கொடுத்த மருந்தை முழுசாக் குடுத்தீங்களாம்மா என்று கேட்டார். குடுத்தோம் சார் என்றேன். உன் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் கவரைத் தேடினேன், அடுப்பில் போட்டுவிடலாம் என்று. உன் பாக்ஸில் இல்லை, எங்கேயும் இல்லை. குப்பையோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் கிளாராவின் இருதயத்துக்கு ஒரே ஒரு குற்றவாளி, உன் அப்பா. பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்தது நான். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள், 2001-ல், வீடு நிறைய சொந்தம். கிளாரா மாடிப்படி ஏறமுடியாமல் பாதியில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு நீ எல்லார் முன்னாலும் அப்பாவைப் பார்த்துக் கத்தினாயே, உங்க பிடிவாதம்தான் இவளைக் கெடுத்துச்சு, படிச்ச முட்டாளுன்னா நீங்கதான் என்று. நான் பந்தலுக்கு வாழைமரம் கட்டுகிறவனோடு பேசுவதுபோலத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் உன்னைப் பார்த்து, ஆமாப்பு, என் தப்புத்தான், நீ மனச விட்டுறாத, நாளைக்குக் கல்யாணம் என்றார். அதற்கப்புறம் நீ அவரோடு பேசவில்லை. மூன்று வருஷம் போனில் என்னையும் கிளாராவையும் விசாரித்தாய், அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் வைத்ததும், நல்லா இருக்கானா என்று மட்டும் கேட்பார். 2004 அக்டோபரில் அவர் போனபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, முப்பதாம் நாள் பூசைக்கு வந்தாய். லீவு கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா என்று நான் இன்றுவரை உன்னைக் கேட்டதில்லை.

அடக்கத்துக்குப் பாட்டு எடுக்க அவருடைய பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். உள்ளே அந்தக் கவர் இருந்தது. சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருந்தது, முழுவதும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பின்பக்கம் பென்சிலால் பாட்டு எண்கள், வாராவாரம் எழுதி எழுதி அழித்த தடம். உன் பாக்ஸிலிருந்து நான் தேடுவதற்கு முன்னாலேயே எடுத்திருக்கிறார். பதினொரு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது செய்து தப்பித்திருப்பேன். உனக்குத் தெரியவேண்டாம் என்றுதான் அவர் வாயை மூடிக்கொண்டார் என்பது எனக்கு அன்றைக்கு அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றபோது புரிந்தது. தங்கையின் மருந்தைத் தின்று பாஸானவன் என்று நீ நினைத்துக்கொண்டு வாழக்கூடாது என்று நினைத்திருக்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது, இவ்வளவு நல்லவராக இருக்க யார் சொன்னார்கள் இவரை. முப்பதாம் நாள் நீ வந்து அதே பல்லவியைப் பாடினாய், அன்னைக்கே ஆபரேஷனுக்கு விட்டிருந்தா என்று. அப்போதும் நான் சாப்பாடு போட்டுக்கொண்டேதான் இருந்தேன். அந்தக் கவரை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீயே பார்த்துக்கொள்.

உன் மேல் குற்றம் இல்லை. பதினைந்து வயதுப் பிள்ளை, அம்மா கொடுத்ததை விழுங்கினாய். ஆனால் இப்போது உனக்கு முப்பது வயதாகப்போகிறது, நீ ஒரு பிள்ளைக்கு அப்பன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை என்று நானாவது சாக்குச் சொல்லலாம், அதுவும் பொய், கவரிலேயே எழுதியிருந்தது. உனக்கு அந்தச் சாக்கும் இல்லை. இதைப் படித்து முடித்ததும் ஐரினை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. நாலு நாளில் நிறுத்திவிட்டோம் என்று மறைக்காமல் சொல், நான் மதுரையில் சொன்ன மாதிரி சொல்லாதே. பிள்ளையின் அத்தைக்குத் தொண்டைப்புண்ணிலிருந்து இருதயத்தில் வந்திருக்கிறது என்பதையும் சொல். தொண்டையைப் பரிசோதித்துப் பார்க்கச் சொல். டான்சிலை எடுக்கவேண்டும் என்றால் எடு, வேண்டாம் என்றால் விடு, அது டாக்டர் பாடு. என்ன மருந்து கொடுத்தாலும் கடைசி வேளை வரைக்கும் கொடு, துப்பினால் மறுபடி ஊற்று, காய்ச்சல் விட்டாலும் ஊற்று, பிள்ளை ஓடியாடினாலும் ஊற்று. கிளாராவும் அன்றைக்கு ஓடியாடத்தான் செய்தாள். முட்டி வலி, மூச்சு வாங்குகிறது என்று எது சொன்னாலும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடு. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதெல்லாம் இதமாக இருக்கும், அதோடு சரி, அது மருந்து இல்லை. மருமகளிடம் கோபப்படாதே, அவள் என்னைவிட மோசமாக ஒன்றும் செய்துவிடவில்லை.

என்னோடு இனி பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். அப்பாவோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்தாய், அது எனக்குச் சேரவேண்டியது. ஆனால் கிளாராவை விட்டுவிடாதே. வால்வை பலூன் வைத்து விரித்துவிடலாம், அப்புறம் கல்யாணம் குடும்பம் எல்லாம் யோசிக்கலாம் என்று மதுரை டாக்டர் போன மாதம் சொல்லியிருக்கிறார். அந்த வேளையில் நீ இங்கே அவள் பக்கத்தில் இருக்கவேண்டும், பெட்டி நிறைய சாமான் அனுப்பிவைத்துவிட்டு அங்கேயே இருந்துவிடக்கூடாது.

இவ்வளவு எழுதி முடிக்கும்போது கிளாரா பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாள். அம்புட்டு நேரமா யாருக்கும்மா எழுதுற என்று கேட்டாள். உன் அண்ணனுக்கு, சுக்குமல்லி பக்குவம் எழுதுறேன் என்று தாளைக் கையால் மறைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றி வைத்தாள், முகம் கழுவினாள், உள்ளே போகிறவள் என்னைப் பார்க்காமலேயே, அப்படியே ஐரினுக்கு அந்த மருந்த முழுசாக் குடுக்கச் சொல்லி எழுதும்மா, மிச்சம் வைக்க வேணாம்னு எழுது என்றாள். நான் தலை நிமிரவில்லை. எழுதுறேன் என்று மட்டும் சொன்னேன். எழுதிவிட்டேன்.

பேத்தியின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. ஆண்டவரும் மாதாவும் உங்கள் மூவருக்கும் துணையிருந்து, நோய்நொடி அண்டாமல் காப்பார்களாக. முறுக்கு டப்பாவை இறுக்கி மூடிவை, நமுத்துப்போகும். ஃபிரிட்ஜில் இருக்கிற அந்தப் பாட்டிலை எடுத்து, மிச்சத்தைக் கொட்டிக் கழுவிவிடு.

இப்படிக்கு,
கிளாராவின் அம்மா,
உன் அம்மாவும்தான்,
அன்னாள்